சகாயராணிக்கு யாரும் கோ கொடுக்கவில்லை

பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரிக்க வேண்டி வந்தால், இரண்டு கேப்டன்களை முன்னால் நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்லாதீர்கள். நீங்களே பிரித்துவிடுங்கள். புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களான உங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மாறி மாறிப் பொறுக்கும்போது கடைசியில் ஒரு பிள்ளை மட்டும் தனியாக நிற்கும். "சரி, இதையும் நீயே வச்சுக்க" என்று ஒருத்தி சொல்வாள். இன்னொருத்தி முகம் சுளிப்பாள். உங்களுக்கு அது அரை நிமிட வேலை. நிற்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை.

மைதானத்தில் நிற்கிறவர்களான நமக்கு ஒரு வசதி உண்டு. வகுப்பறையில் பிள்ளைகள் மறைக்கிற விஷயங்களை இங்கே மறைக்க முடியாது. ஓடும்போதும் விழும்போதும் யார் யாரைத் தூக்கிவிடுகிறார்கள், யார் கிட்டே போகாமல் சுற்றிப் போகிறார்கள் என்பதெல்லாம் வெட்டவெளியில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். காரைக்குடியில் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நல்லபடியாக முடிந்த கதைகளும் என்னிடம் உண்டு. அவற்றை எந்தப் பாராட்டு விழாவிலும் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்பில் அந்த வருடம் எங்களுக்கு அருமையான கோ-கோ அணி அமைந்தது. அதில் ஒருத்தி சகாயராணி. மானகிரியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்கு மர அறுவை மில்லில் வேலை. ஒல்லியான பிள்ளை, எப்போதும் சளி பிடித்தது போலப் பேசுவாள். ஆனால் ஓட ஆரம்பித்தால் பிடிக்கவே முடியாது. விரட்டுகிறவள் கையை நீட்டும் நொடியில் இடுப்பை ஒடித்து அடுத்த பக்கம் போய்விடுவாள். அணிக்கு அவளை நான் எடுத்தது இரக்கத்தால் இல்லை. அவளைவிட நன்றாக ஓடுகிறவள் பள்ளியில் கிடையாது.

கேப்டன் நிவேதா. செக்காலை ரோட்டில் அவளுடைய அப்பாவுக்கு வண்டி உதிரிபாகக் கடை. நிவேதாவைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையே உங்களுக்குப் புரியாது. அவள் கெட்ட பிள்ளை இல்லை. அவள் இருக்கிற இடம் கலகலவென்று இருக்கும். ஆசிரியர்கள் எல்லோரையும் போல நடந்து காட்டுவாள், என்னையும் சேர்த்து. ஒரு நாள் பயிற்சியின்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திடீரென்று பாவாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான் நடந்து போய்ச் சேருவதற்குள் நிவேதா தன் துண்டை எடுத்து அதன் இடுப்பில் கட்டி, "ஒண்ணுமில்லடி, எல்லாருக்கும் வர்றதுதேன்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். அப்படிப்பட்டவளைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்?

கோ-கோ தெரியாத யாராவது இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. விரட்டுகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் எதிரணிக்காரியை விரட்டுவாள். தனக்கு முடியாத இடம் வரும்போது, உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்று கத்துவாள். தொடப்பட்டவள் எழுந்து விரட்ட வேண்டும். தொட்டவள் அந்த இடத்தில் உட்கார வேண்டும். தொட்டால்தான் எழுந்திருக்க முடியும். அவ்வளவுதான் விளையாட்டு.

சில நாள் பயிற்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சகாயத்துக்கு யாரும் கோ கொடுப்பதில்லை. எல்லோரும் எழுந்து ஓடி, மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். அவள் மட்டும் விரல்களைத் தரையில் ஊன்றி, எழத் தயாராக, ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்தே இருப்பாள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து உள்ளங்கை மண்ணைத் தட்டிக்கொள்வாள்.

நிவேதாவைக் கேட்டேன்.

"ஆங்கிள் வரல மிஸ்" என்றாள்.

சகாயத்தை வரிசையின் நடுவில் உட்கார வைத்தேன். அங்கேயும் ஆங்கிள் வரவில்லை. ஒரு நாள் ஆட்டத்தை அவளே தொடங்கட்டும் என்று விட்டேன். அவள் விரட்டிக்கொண்டு போய் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்றாள். தொடப்பட்டவள் எழுந்தாள். ஆனால் எதிரணியை விரட்டவில்லை. தன் முதுகைத் துடைத்த கையோடு பக்கத்தில் இருந்தவளைத் தொட்டாள். அவள் அடுத்தவளை. அவள் அதற்கு அடுத்தவளை. வரிசை முழுக்கச் சிரிப்பு. எதிரணிக்காரிகள் ஓடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் விசிலை ஊதினேன். சகாயம் தன் இடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சிரிப்பதற்கு ஏற்றபடி தானும் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் தொட மாட்டார்கள் என்றால் ஆசிரியருக்கு முதலில் என்ன சந்தேகம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் வந்தது. விசாரித்தேன். அது இல்லை. தொடாதவர்களில் அவளுடைய சித்தப்பா மகளே ஒருத்தி. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதி ஒரு நாள்தான். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிற நினைப்பு பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. பெரியவர்கள் எப்படி ஒதுக்குகிறோம் என்பதைப் பார்த்து முறையைக் கற்றுக்கொண்டார்கள். ஆளை மட்டும் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

அந்த வகுப்பில் மீனாள் என்று ஒருத்தி இருந்தாள். அணியிலும் இருந்தாள். அமைதியான பிள்ளை; பொய் சொல்லத் தெரியாது. அவளை ஸ்டோர் ரூமுக்கு அழைத்து, பந்துகளுக்குக் காற்றடிக்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"சகாயத்தை ஏண்டி தொட மாட்டேங்குறீங்க?"

அவள் யோசிக்கவே இல்லை. "ஏழாவது படிக்கறப்ப கிளாஸ்ல அவ தலையில பல்லி விழுந்துச்சு மிஸ். காலண்டர்ல பாத்தோம். தலையில விழுந்தா கலகம்னு போட்டிருந்துச்சு. அன்னைக்கே ரெண்டு பேருக்குள்ள சண்டை வந்துருச்சு. அதுலேர்ந்து அவளத் தொட்டா பல்லி. தொட்டவங்க அடுத்தவங்க மேல தேய்ச்சுரணும். இல்லன்னா அன்னைக்குப் பூராம் அவங்கதேன் பல்லி."

"இதை ஆரம்பிச்சது யாரு?"

"தெரியல மிஸ். நிவேதா இல்ல. ஆனா நிவேதா பண்றப்பதேன் சிரிப்பா இருக்கும்."

"நீயும் பேச மாட்டியா அவகிட்ட?"

"பேசுவேன் மிஸ். யாரும் இல்லாதப்ப."

"அவளைப் பாத்தா உனக்குப் பாவமா இல்ல?"

மீனாள் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பாவமாத்தேன் மிஸ் இருக்கு. ஆனா அவளப் புடிக்காது."

"ஏன்?"

"ஒட்டிக்கிட்டே வருவா மிஸ். நீங்க சும்மா சிரிச்சாக்கூட உங்க பக்கத்துலயே வந்து உக்காந்துக்குவா. எதுக்கெடுத்தாலும் அழுவா. நிவேதாவ யாரு என்ன சொன்னாலும் அழமாட்டா." பிறகு, நான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பொறுமையாகச் சொன்னாள்: "பாவம்னு நினைக்கிறதும் புடிக்கிறதும் வேற வேற மிஸ்."

இத்தனை வருடத்தில் எந்தப் பயிற்சி முகாமிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெரியவர்கள் நாம் நினைப்பது வேறு. அடிக்கிறவனைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும், அடிபடுகிறவனைக் கண்டால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் கூடப் போய் நிற்பார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் இரக்கப்படத்தான் செய்கிறார்கள். தப்பு எது என்றும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்டுப் பாருங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் யார் பக்கத்தில் உட்கார்ந்தால் தனக்கு நல்லது, யார் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆபத்து என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கில் இரக்கத்துக்கு இடம் இல்லை. ஒதுக்கப்பட்டவளை நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போகும். அவள் தனிமையில் பழகத் தெரியாமலே போய், யாராவது சிரித்தால் உடனே வந்து ஒட்டிக்கொள்வாள். அதுவே அவளை ஒதுக்குவதற்கு அடுத்த காரணம் ஆகிவிடும்.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி சாக்கோட்டையில் நடந்தது. காலையில் அரையிறுதி. ஓடுகிற முறை வந்தபோது சகாயம் எதிரணியைத் திணறடித்தாள். விரட்டுகிற முறையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டத்தில் நிவேதா சகாயத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். எதிரணிக்காரி சகாயத்தின் முகத்துக்கு நேரே தடுமாறி நிற்கிறாள். முதுகைத் தொட்டால் போதும். நிவேதா கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, நடுக்கோட்டின் முனையில் இருக்கும் கம்பம்வரை ஓடிச் சுற்றி வந்தாள். நடுவராக இருந்த வேற்றுப் பள்ளி ஆசிரியரே என் பக்கம் திரும்பி, "என்ன டீச்சர், உங்க கேப்டனுக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டார்.

எப்படியோ ஜெயித்துவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தார்கள். சகாயம் கொஞ்சம் தள்ளி, வாட்டர் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் என் டப்பாவை மூடி வைத்தேன். நிவேதாவைக் கூப்பிட்டேன். தனியாகத்தான் கூப்பிட்டேன், ஆனால் பத்தடி தூரத்தில் இருந்த அத்தனை பேரும் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஃபைனல்ல சகாயத்துக்கு மொத கோ நீதான் குடுக்கணும். குடுக்குறேன்னு சொல்லு."

அவள் கையில் இருந்த கேப்டன் பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லு நிவேதா."

"வேற யாராச்சும் மொதல்ல குடுக்கட்டும் மிஸ். அப்பறம் நான் குடுக்குறேன்."

"நீதான கேப்டன்?"

"அதுக்கில்ல மிஸ்." அவள் மரத்தடிப் பக்கம் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். "நான் மொதல்ல தொட்டா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

நிறுத்திய இடத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த வரிசையை ஆட்டிவைக்கிறவள் அவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அந்த வரிசைக்குப் பயந்துதான் இருந்தாள். சிரிக்க வைக்கிற வரைக்கும்தான் அவள் நிவேதா. ஒரு தடவை தப்பான முதுகைத் தொட்டுவிட்டால் அவளும் பல்லி ஆகலாம்.

மற்றவர்களிடம் போய்க் கேட்டேன். "யாரு குடுப்பீங்க? கை தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. மீனாள் தன் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவெடுக்க எனக்கு இருந்தது ஒரு சாப்பாட்டு வேளை. எட்டுப் பேரையும் வெளியே உட்கார வைக்க முடியாது. ஒன்றும் நடக்காதது போல விட்டுவிட்டு, கோப்பை வாங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று என்னுடன் வந்திருந்த தமிழாசிரியை சொன்னார். கோப்பை வாங்கிய பிறகு யாரும் பேச மாட்டோம் என்று எனக்குத் தெரியும். நிவேதாவை ஆட்டத்திலிருந்து நிறுத்தினேன். கேப்டன் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். காரணத்தை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

அந்த முடிவு தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் சரியான முடிவு எடுத்தால் நல்லது நடக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ஓடுகிற முறையில் சகாயம் உயிரைக் கொடுத்து ஓடினாள். கடைசி ஆளாக நின்று நெடுநேரம் பிடி கொடுக்காமல் சுற்றினாள். எதிர்ப் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. விரட்டுகிற முறையில், கேப்டன் இல்லாத அந்த வரிசையிலும் யாரும் அவளுக்குக் கோ கொடுக்கவில்லை. நிவேதா எல்லைக்கோட்டுக்கு வெளியே துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். நடு மைதானத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு தனியாக நின்றவளை நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். சகாயத்தின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மூன்று பிள்ளைகள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்கள். முன்சீட்டிலிருந்து எழுந்து நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், என் காதில் விழட்டும் என்றே, "எல்லாம் இவளாலதேன்" என்றது. அது நிவேதாவின் குரல் இல்லை.

திங்கட்கிழமை காலையில் சகாயம் என் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றாள்.

"மிஸ், நிவேதாவச் சேத்துக்கங்க மிஸ். நான் வெலகிக்கிறேன்."

"ஏன் நீ விலகணும்? தப்புப் பண்ணது நீயா?"

"அவ நல்ல புள்ள மிஸ். எல்லாத்துக்கும் உதவி செய்வா." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் தப்பா உக்காந்திருந்தேன், அதேன் கோ குடுக்க முடியலன்னு நீங்க சொல்லிருங்க மிஸ். நானும் அப்புடித்தேன் சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "உன்னைத் தொடவே மாட்டேங்குறாடி. உனக்கு அவ மேல கோபமே வரலையா?"

 ஒளிவுமறைவு இல்லாமல், வீட்டுப்பாடத்துக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்: "நான் அவளா இருந்தா நானும் என்னயத் தொடமாட்டேன் மிஸ்."

இதை நான் நெடுநாள் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்பு ஒரு பிள்ளையை எந்தக் கண்ணால் பார்க்கிறதோ அந்தக் கண்ணை அந்தப் பிள்ளையும் வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அதைக் காப்பாற்ற நீங்கள் போனால், முதலில் உங்களைத் தடுப்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். அதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று மத்தியானமே நிவேதாவின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. தலைமையாசிரியை சிஸ்டர் முன்னால் உட்கார்ந்து மரியாதையாகத்தான் பேசினார்.

"எம்புள்ள அந்தப் புள்ளய அடிச்சாளா டீச்சர்?"

"இல்லை."

"வைஞ்சாளா?"

"நேரா வையலை."

"தொட்டாளா?"

"தொடலைங்கிறதுதான் பிரச்சினையே."

அவர் சிஸ்டரைப் பார்த்தார். "தொடாததுக்குத் தண்டனை குடுத்த பள்ளிக்கூடத்த இப்பத்தேன் பாக்குறேன் சிஸ்டர். எதுத்த பள்ளிக்காரங்க முன்னாடி எம்புள்ளய அழ வச்சுருக்கீக. மூணு நாளா சாப்பிடல. இது என்ன கணக்குல சேரும், நீங்களே சொல்லுங்க."

 என்னிடம் இருந்த பதிலை எந்த விதியிலும் காட்ட முடியாது. அடித்தால் தழும்பு இருக்கும். திட்டினால் கேட்டவர்கள் இருப்பார்கள். செய்யாமல் விட்டதற்கு எந்தச் சாட்சியை நிறுத்துவது? இன்று உங்கள் பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப் வைத்துக்கொள்கிறார்கள். ஒருத்தியை மட்டும் சேர்க்காமல் இன்னொரு குரூப் ஆரம்பிக்கிறார்கள். அவளுடைய அம்மா வந்து உங்களிடம் அழுவாள். நீங்கள் எதைக் காட்டி யாரைக் கேட்பீர்கள்?

சிஸ்டர் நல்லவர். சண்டையைச் சமாதானமாக முடிக்க நினைத்தார். மறுநாள் காலை வழிபாட்டில் இரண்டு பேரையும் மேடைக்கு அழைத்து, மன்னிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசிவிட்டு, கை கொடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று முன்கூட்டியே அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "பிள்ளைங்கதானே மிஸ், நொடியில ஒண்ணு சேர்ந்துருவாங்க" என்றார்.

பள்ளி முழுவதும் பார்க்க, நிவேதா கையை நீட்டினாள். சகாயம் பிடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கி வரும்போது நிவேதா தன் கையைப் பாவாடையில், மிக லேசாக, பழக்கதோஷத்தில் துடைப்பது போலத் துடைத்தாள். வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. குபீரென்று சிரிப்பு. மேடையிலேயே நின்றுகொண்டிருந்த சகாயமும் சிரித்தாள். அவர்களோடு சேர்ந்து, அவர்கள் சிரித்த அதே நேரம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவளுடைய அம்மா டி.சி. வாங்க வந்தார். தேவகோட்டையில் தன் தங்கச்சி வீட்டில் விட்டுப் படிக்க வைக்கப் போவதாகச் சொன்னார். என்னைத் தேடி மைதானத்துக்கு வந்தார். நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன்.

"நீங்க நல்லதுதேன் நெனச்சீக டீச்சர், நான் ஒண்ணும் சொல்லல" என்றார். "ஆனா நீங்க அவள அணியில வச்சுக் காப்பாத்துனது இந்தக் கிரவுண்டுல மட்டுந்தேன். அப்பறம் நீங்க வீட்டுக்குப் போயிருவீக. அவ வகுப்புக்குள்ள போகணும்ல? மத்தியானம் யாரு பக்கத்துல உக்காந்து சாப்பிடுறது? பஸ்ஸுல யாரு கூட வர்றது? அதுக்கு நீங்க ஒரு புள்ளயக் காட்டியிருந்தா போதும் டீச்சர். ஒரே ஒரு புள்ள. கேப்டன வெளிய உக்கார வச்சது எங்களுக்கு எதுக்கு?"

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி அதுதான். தாமதமாகக் கிடைத்தது. நாம் எப்போதும் ஆட்டிவைக்கிறவளையே பார்க்கிறோம். அவளைத் திருத்த, தண்டிக்க, கேப்டன் பட்டையைப் பிடுங்க ஓடுகிறோம். யாரும் இல்லாதபோது மட்டும் பேசுகிற ஒரு மீனாள் எல்லா வகுப்பிலும் இருப்பாள். அவள்தான் உங்களுக்கு வேண்டியவள். எல்லோரும் இருக்கும்போதும் அவள் பேசுவதற்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். தனியாக விடாமல் அவளோடு இன்னொருத்தியையும் சேர்த்துவிட வேண்டியிருக்கலாம். அது சத்தமில்லாத வேலை. யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நிவேதாவுக்குக் கேப்டன் பட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, கொடுத்தேன். அடுத்த வருடம் குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குச் சிவகங்கை போனோம். சான்றிதழ் வாங்கிய அன்று நிவேதா என்னிடம் வந்து, "மிஸ், சத்தியமா நான் அவள ஒண்ணும் பண்ணல மிஸ்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை.

சகாயத்தின் இடத்துக்கு எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை எடுத்திருந்தேன். சில வாரங்களில் அந்தப் பிள்ளைக்கும் கோ வருவது குறைந்தது. அவள் வந்து என்னிடம் கேட்டாள்: "என்னய ஏன் மிஸ் பல்லிங்குறாங்க?" அவள் தலையில் எந்தப் பல்லியும் விழுந்ததில்லை. இந்தத் தடவை நான் யாரையும் வெளியே உட்கார வைக்கவில்லை. மீனாளையும் இன்னொருத்தியையும் கூப்பிட்டு, தினமும் பயிற்சிக்கு முன்னால் அவளோடு ஓடுங்கள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன். முகம் சுளித்துக்கொண்டேதான் செய்தார்கள். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புவரை எங்கள் பள்ளியிலேயே படித்தது. இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். சகாயத்தைக் கொண்டு கற்றுக்கொண்ட பாடம் வேறொருத்திக்குப் பயன்பட்டது. சகாயத்துக்கு அதனால் என்ன?

போன ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், செக்காலையில் ஒரு செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். கறுப்பு ஷூ வாங்க வந்த கூட்டம். "மிஸ்!" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். உடம்பு பூசினாற்போல் ஆகியிருந்தாள். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. சகாயம். கல்யாணமாகி இந்தப் பக்கமே திரும்பி வந்துவிட்டாளாம். கணவருக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை. பக்கத்தில் முதல் வகுப்பு போகிற பெண் குழந்தை, ஸ்டூலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, கடைப் பையனிடம் "அதில்ல, அந்த ஷூ" என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்க சகாயம்?"

"நல்லா இருக்கேன் மிஸ். நீங்க என்ன இம்புட்டு எளச்சுப்போனீக?" குழந்தையின் தலையைத் தடவினாள். "இவ என்னய மாதிரி இல்ல மிஸ். யு.கே.ஜி.லயே இவ வச்சதுதேன் சட்டம். அடிச்சுட்டு வருவா, அடி வாங்கிட்டு வரமாட்டா."

நான் சிரித்து வைத்தேன்.

"போன வருசம் ஒரு புள்ள இவ பேச்சக் கேக்கலன்னு, யாரும் அதுகூடச் சேரக்கூடாதுன்னு சொல்லிட்டா மிஸ். கிளாஸே சேரல! அவுக மிஸ் என்னயக் கூப்பிட்டு விட்டு ஒரே கம்ப்ளைண்ட்டு." சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை அவள் பள்ளியில் படித்தபோது நான் பார்த்ததே இல்லை. "நான் வீட்டுக்கு வந்து இவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன் மிஸ்."

 அவளிடம் எதையும் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. இருந்தாலும் ஒன்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?"

சகாயம் குனிந்து மகளின் காலில் ஷூவை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"எந்தப் புள்ள மிஸ்?"